பின்னோக்கிப் போகாத ஆட்டம்

ஐஸ் ஹாக்கியில் நான் தற்காப்பு ஆட்டக்காரன். கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் உள்ள பொது ஐஸ் தளங்களில் சிறுவனாகத் தொடங்கிக் கல்லூரி அணி வரைக்கும் அதே இடத்தில்தான் ஆடினேன். அந்த இடத்துக்கு வருகிறவன் முதலில் பழக வேண்டியது பின்னோக்கிச் சறுக்குவது. எதிரணிக்காரன் பக்கை, அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டை, தள்ளிக்கொண்டு முழு வேகத்தில் வருவான். அவனுக்கு முதுகு காட்டாமல், அவன் வேகத்துக்கு ஈடாகப் பின்னால் போக வேண்டும். இடைவெளி ஒரு மட்டை நீளத்தைத் தாண்டக் கூடாது. அவன் கண்ணும் கையும் ஏமாற்றும், மார்பு ஏமாற்றாது. ஆகவே மார்பைப் பார்த்தபடி அவனைத் தளத்தின் ஓரத்துக்கு ஒதுக்க வேண்டும். இந்த ஒரு வித்தையை இரண்டு கால்களுக்கும் புகட்டுவதில் என் சிறுபிராயத்தின் குளிர்காலங்கள் கழிந்தன.

முழங்கால் தசைநார் அறுந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் பழைய வேகம் திரும்பாததால் ஆடுவதை நிறுத்தினேன். சில ஆண்டுகள் கழித்து, ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஒரு சிறிய கழகத்தில் பாரா ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். உடற்குறை உள்ளவர்கள் ஸ்லெட்ஜ் என்ற சறுக்கு இருக்கையில் உட்கார்ந்து ஆடும் ஹாக்கி அது. இங்கே அந்த முதல் பாடத்துக்கு வேலையே இல்லை. ஸ்லெட்ஜில் உட்கார்ந்திருப்பவரால் பின்னோக்கிச் சறுக்க முடியாது. மட்டை முனையில் உள்ள முட்களைப் பனியில் ஊன்றி ஓரடி, ஈரடி பின்னால் தள்ளிக்கொள்ளலாம். எதிராளியைப் பார்த்தபடியே தளத்தின் பாதித் தூரம் பின்வாங்குவது நடக்காது.

அப்படியானால் தடுப்பது எப்படி? இந்தக் கேள்விக்கான விடையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கழகத்தின் மூத்த தற்காப்பு ஆட்டக்காரர், தொழிற்சாலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். எதிராளி நடுக்கோட்டுக்கு வருவதற்கு முன்பே அவர் வளையத் தொடங்கிவிடுவார். அரைவட்டம் போட்டு, எதிராளி போகும் திசையிலேயே தானும் முகம் வைத்து, அவர் வந்து சேரும்போது பக்கத்தில் தோளோடு தோளாக ஓடிக்கொண்டிருப்பார். அங்கிருந்து மெல்ல மெல்லப் பலகைச் சுவரின் பக்கம் நெருக்குவார். ஒரு விநாடி முன்னால் வளைந்தால் எதிராளி உள்பக்கமாக வெட்டிப் போய்விடுவார். ஒரு விநாடி தாமதித்தால் அவருடைய முதுகுதான் தெரியும். பின்னோக்கிச் சறுக்குகிறவனுக்குத் தன் தீர்மானத்தை மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும்; ஸ்லெட்ஜில் இருப்பவர் எங்கே வளைவது என்பதை ஒரே தடவையில் முடிவு செய்தாக வேண்டும். நின்று ஆடும் ஹாக்கியில் நான் இதைவிடக் கடினமான தீர்மானம் எதையும் எடுத்ததில்லை என்றே சொல்வேன்.

இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பயிற்சியைப் பார்க்க வருகிறவர்களில் பலர் “பாவம், பிள்ளைகளுக்கு ஒரு பொழுதுபோக்கு” என்கிற முகத்தோடு வருகிறார்கள். அன்பானவர்கள்தான். ஆனால் அவர்கள் பார்ப்பது ஆட்டத்தை அன்று. பாரா ஐஸ் ஹாக்கி தனக்கென்று ஒரு அறிவைச் சேர்த்து வைத்திருக்கும் தனி விளையாட்டு. அதை அதன் சொந்தக் கஷ்டத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். தளமும் பக்கும் வலையும் நின்று ஆடும் ஹாக்கியில் உள்ளவையேதான். ஒரு பக்கத்துக்குக் கோல்காப்பாளரோடு சேர்த்து ஆறு பேர். பதினைந்து நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். உலோகச் சட்டத்தின் மேல் ஒரு வாளி போன்ற இருக்கை. அதன் அடியில் இரண்டு கத்திகள். பக் அடியில் புகுந்து போகும் அளவுக்குச் சட்டம் உயரமாக இருக்கும். ஒவ்வொரு கைக்கும் ஒரு குட்டை மட்டை, ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மட்டையின் ஒரு முனையில் பக்கை அடிக்கும் அலகு, மறுமுனையில் பனியைப் பற்றும் முட்கள். முட்களை ஊன்றித் தள்ளினால் வேகம். கையைச் சற்றே நழுவவிட்டு மட்டையைத் திருப்பினால் அடி.

இந்தக் கடைசி வரியில்தான் ஆட்டத்தின் முழுச் சிக்கலும் இருக்கிறது. நின்று ஆடுகிறவனுக்குக் கால்கள் ஓடும், கைகள் பக்கைப் பார்த்துக்கொள்ளும். இங்கே இரண்டு வேலையும் கைகளுக்கே. பக்கைத் தொடும் ஒவ்வொரு கணமும் தள்ளாத கணம். அந்தக் கணத்தில் வேகம் குறைகிறது. ஆகவே நல்ல ஆட்டக்காரர் பக்கை அடிக்கடி தொடுவதில்லை. முன்னால் தட்டிவிட்டு, மூன்று தள்ளு தள்ளி, மறுபடி எட்டிப் பிடிக்கிறார். எத்தனை தள்ளுக்கு எவ்வளவு தூரம் தட்டுவது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தன் தோள் வலிமையை வைத்துத் தானே கண்டுபிடிக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கும் எண்ணிக்கை எனக்குத்தான் சரி.

நானும் ஸ்லெட்ஜில் உட்கார்ந்து பழகினேன். உட்காராத பயிற்சியாளர் சொல்வதை எங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், நம்ப மாட்டார்கள். திரும்புவதற்கு இடுப்பைச் சாய்த்து ஒரு கத்தியின் விளிம்பில் நிற்க வேண்டும். வயிற்றுத் தசைகள் அதைத் தாங்க வேண்டும். முதுகுத்தண்டு மேல்பகுதியில் பாதிக்கப்பட்டவருக்கு அந்தத் தசைகளே ஒத்துழைக்காது. அவர் தலையையும் தோளையும் எடையாக வீசித் திரும்புகிறார். ஒரு காலை மட்டும் இழந்தவருக்கு இடுப்பு முழுவதும் வேலை செய்யும், ஆனால் இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்காது. ஒரே அணியில், ஒரே வளைவை ஐந்து பேர் ஐந்து விதமாகப் போடுகிறார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒரே அசைவைச் செய்யச் சொல்லும் பயிற்சி முறையில் வளர்ந்தவன் நான். அந்த முறையை இங்கே கொண்டுவர முடியவில்லை, இப்போது கொண்டுவர விரும்பவும் இல்லை.

நின்று ஆடிய காலத்திலிருந்து என்னோடு வந்தது கண். யார் எங்கே காலியாக நிற்கிறார், பக் பலகையில் பட்டு எந்தக் கோணத்தில் திரும்பும், எதிரணி எப்போது ஆட்களை மாற்றப் போகிறது: இவையெல்லாம் இரண்டு ஆட்டத்துக்கும் பொது. அமெரிக்க அணியை 2014இல் சோச்சி பாராலிம்பிக்கில் (உடற்குறை உள்ளவர்களுக்கான ஒலிம்பிக்கில்) தங்கத்துக்கு அழைத்துச் சென்ற ஜெஃப் சாவரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இளமையில் கொலராடோ கல்லூரிக்கு ஆடியவர். பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக 1983இலும் 1990இலும் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றவர். செவித்திறன் குறைந்த அமெரிக்க வீரர்களின் அணிக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார். அவ்வளவு உயரத்தில் இருந்த ஒருவர் தன் முதிய வயதில் இந்த ஆட்டத்துக்கு வந்தது அதன் ஆழத்தைக் கண்டதனால்தான் என்று நம்புகிறேன். சோச்சி இறுதி ஆட்டம் ஒன்றுக்குச் சுழியம் என்று முடிந்தது. ரஷ்யாவுக்கு எதிரான அந்த ஒரே கோலை அடித்த ஜாஷ் ஸ்வீனி, ஆப்கானிஸ்தான் போரில் இரண்டு கால்களையும் இழந்த மரைன் படைவீரர்.

எங்கள் கனடா அணித் தலைவர் டைலர் மெக்ரெகரும் நின்று ஆடியவர்தான். ஒன்டாரியோவில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். பதினைந்து வயதில் ஹாக்கி ஆட்டத்தில் கால் முறிந்தது; சிகிச்சையின்போது அங்கே புற்றுநோய் இருப்பது தெரிந்தது. இடது காலை முழங்காலுக்கு மேலே அகற்றினார்கள். அவர் ஆடுவதைப் பார்த்தால் பக் எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரிந்தவர் போல இருப்பார். சிறுவயதில் ஊறிய கண் அது. அதே சமயம், எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டோடோ முதுகுத்தண்டுப் பிளவோடோ பிறந்து, நின்று ஆடியே பார்க்காதவர்களும் உலகின் முதல்வரிசை ஆட்டக்காரர்களாக இருக்கிறார்கள். பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த பில்லி பிரிட்ஜஸ் முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர். 2006இல் துரினில் நார்வேயை 3-0 என்று வென்று தங்கம் பெற்ற அணியில் இருந்தார். அதன்பின்னும் பல பாராலிம்பிக்குகளில் தொடர்ந்து ஆடினார். அவருடைய அடியின் வேகத்தைப் பார்த்துத்தான் எங்கள் பையன்கள் தோளுக்கு உடற்பயிற்சி செய்கிறார்கள்.

அதே துரின் அணியின் கோல்காப்பாளர் பால் ரோசனின் கதை எங்கள் கழகத்துப் பெரியவர்களுக்குப் பிடித்தது. அவருக்குக் கால் அகற்றப்பட்டது 39 வயதில். அதற்குப் பிறகுதான் இந்த ஆட்டத்துக்கே வந்தார். கோல்காப்பாளரின் வேலை இதில் கொடூரமானது. வலை அதே நான்கடி உயரம், ஆறடி அகலம். காப்பவர் உட்கார்ந்திருக்கிறார். மேல் மூலைகள் இரண்டும் திறந்தே கிடக்கும். அதோடு, எதிராளி இடது கையால் அடிப்பாரா வலது கையால் அடிப்பாரா என்று கடைசி வரை தெரியாது. அமெரிக்க அணியின் டெக்லான் ஃபார்மர் பக்கைத் தன் ஸ்லெட்ஜின் அடியாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி, எதிர்பாராத கையால் அடிப்பதைக் காணொளியில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். 2018 பியாங்சாங் இறுதி ஆட்டத்தில் கனடா வெற்றிக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. ஆளில்லாத வலையை நோக்கிப் போன கனடாவின் அடி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஃபார்மர் சமன் செய்தார், கூடுதல் நேரத்திலும் அவரே முடித்தார். எனக்கு அது இன்னும் வலிக்கிறது. 2024 மே மாதம் கல்கரியில் அமெரிக்காவை 2-1 என்று வென்று கனடா உலகப் பட்டத்தை எடுத்தபோது ஓரளவு ஆறியது.

இந்தக் கைமாற்றும் வித்தைக்காக எங்கள் பயிற்சியில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: முதல் கால் மணி நேரம் பலவீனமான கையால் மட்டுமே பக்கைத் தொடலாம். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. ஆனால் எங்கள் அணியில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, பிறவியிலேயே முதுகுத்தண்டுப் பிளவு உள்ளவள், அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் வீட்டு நிலவறையின் சீமெந்துத் தரையிலும் செய்து பார்த்தாள். இப்போது அவள் எந்தக் கையால் அடிப்பாள் என்று எனக்கே தெரிவதில்லை. முதல் நாள் வந்திருந்த அவளுடைய அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, பிள்ளை விழுந்துவிட மாட்டாளா?” என்று கேட்டார். “விழுவாள் அம்மா, எழும்பவும் நாங்கள் பழக்குவோம்” என்றேன். கவிழ்ந்த ஸ்லெட்ஜை ஒரு மட்டையை ஊன்றி நிமிர்த்துவதுதான் எங்கள் முதல் பாடம். அதைப் பழகாத பிள்ளைக்கு நாங்கள் பக்கைக் கொடுப்பதில்லை.

பயிற்சியாளர் வேலையில் வெளியே தெரியாத பகுதி ஸ்லெட்ஜைப் பொருத்துவது. உண்மையில் அது தையற்காரர் வேலை. இருக்கைக்கும் இடுப்புக்கும் இடையே விரல் நுழையும் இடம் இருந்தால்கூட, உடல் சாயும்போது ஸ்லெட்ஜ் சாய்வதற்குத் தாமதமாகும். இறுக்கினால் தோல் உரசும். கால்களில் உணர்ச்சி இல்லாத பிள்ளைக்கு உரசுவது தெரியாது. வீட்டுக்குப் போய்க் காலுறையைக் கழற்றும்போதுதான் புண் தெரியும். முதுகுத்தண்டுப் பாதிப்பு உள்ளவருக்கு அழுத்தப் புண் சாதாரண விஷயமில்லை, ஆற மாதக்கணக்காகலாம். அதனால் நுரைப்பஞ்சை வெட்டி, ஒட்டி, மறுபடி வெட்டுகிறோம். பயிற்சி முடிந்ததும் தோலைப் பாருங்கள் என்று பெற்றோரிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறோம். குளிரும் அப்படியே: பாதம் உறைவது அந்தப் பாதத்துக்குத் தெரியாது. முதுகுத்தண்டுப் பிளவு உள்ளவர்களில் பலருக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை இருக்கும் என்பதால் உடலைச் சூடாக்கும் ரப்பர் பட்டைகளைக்கூடப் பார்த்துத்தான் வாங்குகிறோம். கத்திகள் இரண்டுக்கும் இடையே உள்ள அகலமும் நான் முடிவு செய்ய வேண்டியது. அகலமாக வைத்தால் கவிழாது, சட்டென்று திரும்பவும் செய்யாது. புதியவருக்கு அகலமாக வைத்து, ஒரு பருவத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டு வருகிறேன். நெருக்கிய அன்று பிள்ளை நாலு முறை கவிழும், கவிழ்ந்துகொண்டே சிரிக்கும்.

இந்த ஸ்லெட்ஜ் பிறந்தது 1960களின் தொடக்கத்தில், ஸ்டாக்ஹோமில் ஒரு மறுவாழ்வு மையத்தில். ஹாக்கியை விட மனமில்லாத ஸ்வீடன்காரர்கள் சிலர் உலோகச் சட்டத்தில் ஸ்கேட் கத்திகளைப் பொருத்தி, சைக்கிள் கைப்பிடி மாட்டிய கம்புகளை மட்டையாக்கி, உறைந்த ஏரியில் ஆடினார்கள். 1994இல் லில்லெஹாமரில் முதல்முறையாகப் பாராலிம்பிக் ஆட்டமானபோது தங்கம் அவர்களுக்கே போனது. 2016 வரை இதற்கு ஸ்லெட்ஜ் ஹாக்கி என்றுதான் பெயர்; எங்கள் வட்டாரத்தில் இன்றும் அப்படியே சொல்கிறோம்.

இனி எனக்குக் கோபம் வரும் இடம். சர்வதேச விதிப்படி ஆட்டக்காரர்கள் காத்திருக்கும் பெட்டி தளத்தின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். ஸ்லெட்ஜோடு நேராக உள்ளே போய்வர வேண்டும். முன்பலகை கண்ணாடி போல ஊடுருவித் தெரிய வேண்டும். நாங்கள் போகும் பல தளங்களில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. பெட்டியின் வாசலில் படி. உள்ளே உயர்ந்த ரப்பர் தரை. முன்னால் வெள்ளைப் பலகை, உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே வரை. அதனால் மாற்று ஆட்டக்காரர்கள் பெட்டிக்குள் போகாமல், தளத்துக்குள்ளேயே பலகையோரமாக வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டம் அவர்கள் மேல் வந்து மோதுகிறது. தளத்துக்குள் நுழையவும் வழி இல்லாமல், பனியைச் சமன் செய்யும் ஸாம்போனி வண்டியின் வாசல் வழியாகப் போகிறோம். ஒரு தளத்தில், புதுப்பிப்பு வேலை முடிந்து திறந்த முதல் வாரமே போய்ப் பார்த்தேன். புதுப் பெட்டியிலும் அதே படி இருந்தது. வரைபடம் போடும்போதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் செலவு அதிகமாகியிருக்காது. கட்டிய பிறகு இடிப்பதற்குத்தான் பணம் இல்லை என்கிறார்கள். எங்கள் மாநகரங்களில் புதுத் தளம் பற்றிய பொதுக்கூட்டம் நடக்கும்போதெல்லாம் நான் போய் இதையே சொல்லி வருகிறேன். நீங்களும் போனால் இதைச் சொல்லுங்கள். அங்கே பேச ஹாக்கி தெரிந்திருக்கத் தேவையில்லை.

தமிழ்ப் பெற்றோர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருந்தும் எங்கள் தளத்துக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் மிகக் குறைவு. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையைக் கல்யாண வீட்டுக்குக்கூட அழைத்துப் போகாத வீடுகளை எனக்குத் தெரியும். அது வெட்கத்தால் என்று பிறர் சொல்வார்கள். நான் பேசிய வரையில் பெரும்பாலும் பயம். பிள்ளையை யாராவது பார்த்துக்கொண்டே நிற்பார்களே என்ற பயம். இங்கே எல்லோரும் பக்கைத்தான் பார்ப்பார்கள். வன்னியிலிருந்து வந்த அண்ணன் ஒருவர், அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தவர், கண்ணாடிக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு காற்சட்டையை உயர்த்திச் செயற்கைக் காலைக் காட்டி, “இதைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டுமா, இதோடேயே உட்காரலாமா?” என்று கேட்டார். கழற்றுவது நல்லது என்று சொல்லி, குறைக்காலுக்கு முன்பட்டையை மாற்றிக் கட்டினோம். எப்படி இழந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது பெரியவர்கள் ஆடும் நேரத்தில் அவர் இடது முன்னணி ஆட்டக்காரர். எதிராளியின் பக்கவாட்டில் ஸ்லெட்ஜின் முன்முனையால் செங்குத்தாக இடித்ததற்காக அடிக்கடி இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்காருகிறார். அந்தத் தவறுதான் இந்த ஆட்டத்தில் மிக ஆபத்தானது. அதை அவரிடமும் பிள்ளைகளிடமும் ஒரே குரலில்தான் சொல்கிறேன்.

பெண்பிள்ளைகள் ஆடலாமா என்று கேட்கிறார்கள். ஆடலாம். கழக மட்டத்தில் ஆணும் பெண்ணும் ஒரே அணி. பாராலிம்பிக்கிலும் ஆண்களோடு ஒரே அணியில் பெண்களும் இடம்பெறலாம். பெண்களுக்கென்றே முதல் உலகப் போட்டி 2025இல் ஸ்லோவாக்கியாவில் நடந்தது. உடற்குறை இல்லாத அண்ணனோ தங்கையோ கூட ஸ்லெட்ஜில் உட்கார்ந்து சேர்ந்து ஆட எங்கள் கழகம் இடம் கொடுக்கிறது. அப்படி வருகிற வீட்டில் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் பேசுவதற்குச் சண்டைக்கும் சமாதானத்துக்கும் புதிதாக ஒன்று கிடைக்கிறது.

முதல் நாள் வருகிறவர்கள் எதையும் வாங்க வேண்டாம். ஸ்லெட்ஜும் மட்டைகளும் தலைக்கவசமும் கழகம் தரும். கம்பளிக் காலுறை இரண்டு சோடி, நனைந்தால் மாற்றுவதற்குக் காற்சட்டை ஒன்று, கையுறை: இவை போதும். வழக்கமாகச் சக்கர நாற்காலியில் வைக்கும் மெத்தையைக் கழற்றிக் காருக்குள்ளேயே வைத்துவிடாமல் உள்ளே கொண்டு வாருங்கள், அளவு பார்க்க அது எனக்கு வேண்டும். பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக வந்தால் அவசரமில்லாமல் பொருத்தலாம். ஸாம்போனி வாசலில் நிற்பேன்.